கேமராவுக்கு மெமரி கார்டு வாங்கப் போறீங்களா, கார்டு மேல இருக்குற பெரிய நம்பரை நம்பாதீங்க

கேமரா வாங்குறதுக்கு முன்னாடி யூடியூப்ல இருக்குற ரிவ்யூ எல்லாம் பார்க்குறோம், தெரிஞ்சவங்ககிட்ட கேக்குறோம், லென்ஸுக்கு தனியா மண்டைய உடைச்சிக்கிறோம், ஆனா கார்டு மட்டும் பில் போடுற நேரத்துல கடைக்காரர் "சார் ஒரு 64 போட்டுடவா"ன்னு கேட்டா "சரி போடுங்க"ன்னு வாங்கிட்டு வந்துடுறோம். எடுக்குற படம் மொத்தமும் அதுக்குள்ளதான் இருக்கப்போகுது, கேமரா ரிப்பேர் ஆனா சர்வீஸ் சென்டர்ல குடுத்து வாங்கிக்கலாம், ஆனா கார்டு போச்சுன்னா அந்த கல்யாணத்த மறுபடி நடத்தச் சொல்ல முடியாது.

இத யாருக்காக எழுதுறேன்னா, ஒரு நடுத்தரமான கேமரா வச்சிக்கிட்டு கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, டூர்னு எடுக்குறவங்களுக்கு. பெரிய சினிமா கேமரா ஆளுங்களுக்கு இது தேவைப்படாது. என் கருத்து சிம்பிள், வேகத்துக்குன்னு எக்ஸ்ட்ரா குடுக்குற காச குறைச்சிக்கிட்டு, அசல் கார்டா வாங்குறதுக்கும் ஒன்னுக்கு ரெண்டா வச்சிக்கிறதுக்கும் அந்தக் காச போடுங்க. ஏன்னு கீழ சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி கேமராவோட மேனுவல எடுங்க, புக்கு தொலைஞ்சிருந்தா கம்பெனி சைட்ல பிடிஎஃப் கிடைக்கும். அதுல கடைசிப் பக்கங்கள்ல எந்தெந்த கார்டு எடுக்கும்னு போட்டிருப்பான். பெரும்பாலும் எஸ்டிதான். எஸ்டியிலயே வெறும் எஸ்டி 2 ஜிபி வரைக்கும், எஸ்டிஎச்சி 32 ஜிபி வரைக்கும், எஸ்டிஎக்ஸ்சி 2 டிபி வரைக்கும். மூணும் பார்க்க ஒரே சைஸ்தான் அதனால எந்த ஸ்லாட்லயும் நுழைஞ்சிடும், ஆனா நுழையறது எல்லாம் வேலை செய்யும்னு இல்ல. எஸ்டிஎக்ஸ்சி வந்ததே 2009லதான், அதுக்கு முந்தின கேமராவுல 64 ஜிபி கார்டப் போட்டா திருதிருன்னு முழிக்கும். இப்ப பீரோவுல கிடந்த பழைய குட்டி டிஜிட்டல் கேமராவ எடுத்து ரீல்ஸ் போடுறது ஃபேஷனாயிருக்கு இல்லையா, அது 2006க்கு முந்தினதா இருந்தா பெரும்பாலும் 2 ஜிபி தாண்டாது, அந்த சைஸ் கார்டத் தேடிப் பிடிக்கிறதே தனி வேலை.

அடுத்து அந்த ஸ்லாட் யூஎச்எஸ் 1-ஆ யூஎச்எஸ் 2-ஆன்னு பாருங்க (கார்டுக்கும் கேமராவுக்கும் நடுவுல டேட்டா போற பாதையோட ரகம் அது), இங்கதான் நெறைய பேர் காச வேஸ்ட் பண்றாங்க. கார்டத் திருப்பிப் பார்த்தா தங்கக் கலர் பின் ஒரே வரிசையா இருந்தா அது யூஎச்எஸ் 1, கீழ இன்னொரு வரிசை இருந்தா யூஎச்எஸ் 2. முன்பக்கம் ரோமன் எண்ல ஒத்தைக் கோடு ரெட்டைக் கோடுன்னு பொடியா போட்டிருக்கும். ஒன்னோட உச்ச வேகம் செகண்டுக்கு 104 எம்பி, ரெண்டோடது 312 எம்பி. சோனி ஏ6400, இசட்வி-இ10, கேனான் ஆர்50 இதெல்லாம் யூஎச்எஸ் 1 ஸ்லாட்தான், அதுல போய் ரெட்டை வரிசை கார்டப் போட்டா ரெண்டாவது வரிசைய தொடுறதுக்கு உள்ள ஆளே கிடையாது. கார்டு வேலை செய்யும், ஒன்னும் கெட்டுடாது, ஆனா ரெண்டு மூணு மடங்கு காசு குடுத்துட்டு ஒத்தை வரிசை கார்டோட வேகத்துலதான் ஓட்டிட்டிருப்பீங்க. யூஎச்எஸ் 2 ரீடர் இருந்தா கம்ப்யூட்டர்ல காப்பி பண்றது மட்டும் சீக்கிரம் முடியும், அவ்ளோதான்.

சரி இப்ப கார்டு மேல இருக்குற சின்னங்களுக்கு வருவோம். தபால்தலை சைஸ் கார்டுல ஏழெட்டு சின்னத்த அடைச்சு வச்சிருப்பான், அதுல நீங்க பார்க்க வேண்டியது ஒன்னுதான், வி-ன்னு எழுத்து போட்டு பக்கத்துல ஒரு நம்பர். வி30ன்னா, வீடியோ மாதிரி தொடர்ச்சியா எழுதும்போது செகண்டுக்கு 30 எம்பிக்கு கீழ இறங்க மாட்டேன்னு அந்தக் கார்டு குடுக்குற வாக்கு. வி60 வி90-க்கும் இதே கணக்குதான். யூ-வுக்குள்ள 3ன்னு இருந்தா அதுவும் அதே 30, 1ன்னு இருந்தா 10. வளையத்துக்குள்ள 10 போட்டு கிளாஸ் டென்னு சொல்வாங்களே அதுவும் 10 எம்பிதான், ஒரு காலத்துல அது பெரிய விஷயம், இப்ப மலிவான கார்டுலயும் இருக்கும். ஏ1, ஏ2-ன்னு ஒன்னு இருக்கும் அது போன்ல ஆப்ப கார்டுல போட்டு ஓட்டுறவங்களுக்கு, கேமராவுக்கு ஒரு சம்பந்தமும் இல்ல, அதுக்காக ஒரு ரூபா கூட அதிகம் குடுக்காதீங்க.

இதுல எதையும் கடைக்காரர் சொல்ல மாட்டார். அவர் சொல்றது நடுவுல கொட்டை எழுத்துல இருக்குற நம்பர், "அண்ணே இது 200 எம்பி ஸ்பீடு அண்ணே"ன்னு. அது படிக்கிற வேகம், அதாவது கார்டுல இருந்து கம்ப்யூட்டருக்கு இழுக்குற வேகம். கேமரா செய்யுறது எழுதுற வேலை, அந்த நம்பர் இதைவிட கம்மியா இருக்கும், பாதி கூட இருக்காது சிலதுல, பாக்கெட் பின்னாடி பொடி எழுத்துல போட்டிருப்பான், சிலவன் அதையும் போட மாட்டான். இன்னொரு கூத்து என்னன்னா யூஎச்எஸ் 1 பாதையே 104 எம்பிதான்னு மேல சொன்னேன் இல்லையா, அப்புறம் எப்படி ஒத்தை வரிசை கார்டுல 170, 200ன்னு போடுறான்? அந்தந்தக் கம்பெனி ஸ்டாண்டர்டுக்கு வெளிய சொந்தமா ஒரு வேலை பண்ணி வச்சிருக்கு, அதுக்கு ஒத்து வர்ற ரீடர் இருந்தாத்தான் அந்த வேகம் வரும், கேமராவுக்குள்ள அது 104க்குள்ளதான் ஓடும். கார்டு மோசம்னு சொல்லல, அந்த நம்பருக்காக வாங்காதீங்கன்னுதான் சொல்றேன்.

வீடியோ எடுக்குறவங்களுக்கு எவ்வளவு வேகம் வேணும்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம். கேமரா மெனுவுல 100 எம்பிபிஎஸ், 60 எம்பிபிஎஸ்னு காட்டும், அது பிட் கணக்கு, கார்டுல இருக்குறது பைட் கணக்கு, அதனால எட்டால வகுத்துக்கோங்க. 100-ஐ எட்டால வகுத்தா பன்னிரண்டரை எம்பி. அவ்ளோதான். சோனியில 4கே 100 எம்பிபிஎஸ்ல எடுக்கணும்னா யூ3 கார்டு கேக்கும், இல்லன்னா ரெக்கார்டே பண்ண மாட்டேன்னு அடம் பிடிக்கும், வி30 கார்டு போட்டா அதுலயே பாதிக்கு மேல இடைவெளி மிச்சம் இருக்கு. பானசோனிக் ஜிஎச்5 மாதிரி 400 எம்பிபிஎஸ் எழுதுற கேமரான்னா 50 எம்பி ஆகுது, அதுக்கு வி60 வேணும். வி90 எல்லாம் அதுக்கும் மேல எழுதுற கேமராவுக்கு, விலை கேட்டா தலை சுத்தும், கேமரா கேக்காம நீங்களா போய் வாங்க வேண்டிய பொருள் இல்ல அது.

போட்டோ பர்ஸ்ட்டு வேற கதை. தாலி கட்டுற நேரத்துல கெட்டிமேளம் அடிச்ச உடனே பட்டன அமுக்கிப் பிடிச்சிட்டு இருப்போம், 24 மெகாபிக்சல் ரா, அதாவது கேமரா பதப்படுத்தாம அப்படியே எழுதுற ஃபைல், ஒன்னு 25, 30 எம்பி இருக்கும், செகண்டுக்கு எட்டு படம்னா 200 எம்பிக்கு மேல கொட்டுது, இத யூஎச்எஸ் 1 கார்டு எதுவும் அப்பப்ப வாங்கிக்க முடியாது. கேமராவுக்குள்ள இருக்குற பஃபர்ங்கிற தற்காலிக மெமரியில சேர்ந்து, அது நிரம்புன உடனே கேமரா திக்கித் திக்கி எடுக்கும், அட்சதை போடுற படம் போச்சு. இந்த இடத்துல கேமராவுல யூஎச்எஸ் 2 ஸ்லாட் இருந்தா நல்ல யூஎச்எஸ் 2 கார்டுக்கு காசு போடுறதுல நியாயம் இருக்கு, பஃபர் சீக்கிரம் காலியாகும். ஸ்லாட் இல்லன்னா கார்ட மாத்திப் பிரயோஜனம் இல்ல, பர்ஸ்ட்ட விட்டு விட்டு அமுக்குங்க, இல்லன்னா ரா பிளஸ் ஜேபெக் வேண்டாம் ஏதாவது ஒன்னு போதும்னு வைங்க, இது ஒரு காசும் செலவில்லாத வழி.

சைஸ் எவ்வளவு? கார்டுல 64 ஜிபின்னு இருக்கும் கம்ப்யூட்டர்ல போட்டா 59 சொச்சம் காட்டும், 128 போட்டா 119 காட்டும், உடனே டூப்ளிகேட்னு கடையில போய் சண்டை போடாதீங்க, கம்பெனி ஆயிரத்தால பெருக்குது விண்டோஸ் 1024-ஆல வகுக்குது, அந்த வித்தியாசம்தான். ரா-வும் ஜேபெக்கும் சேர்ந்து ஒரு படத்துக்கு 40 எம்பின்னு வச்சிக்கிட்டா 64 ஜிபியில 1600 படம் கிட்ட பிடிக்கும். 100 எம்பிபிஎஸ் வீடியோன்னா அதே 64-ல ஒரு மணி 25 நிமிஷம், 128-ல ரெண்டே முக்கால் மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. ஒரு கல்யாணத்துக்கு போட்டோ மட்டும்னா 64-ல ரெண்டு மூணு, வீடியோன்னா 128-ல ரெண்டு மூணுன்னு நான் சொல்லுவேன்.

512 ஜிபி ஒன்னு வாங்கிட்டா மாத்துற தொல்லையே இல்லையேன்னு ஒரு கட்சி இருக்கு, அவங்க சொல்றதுலயும் உண்மை இருக்கு, கார்டு மாத்துற அவசரத்துல கீழ விழுறது, எடுத்த கார்டையே மறுபடி போட்டு ஃபார்மட் அடிக்கிறது எல்லாம் நடக்குது. ஆனா சாயங்காலம் ரிசப்ஷன் மறுநாள் விடியக்காலை முகூர்த்தம்னு இருக்குற நம்ம ஊர்க் கல்யாணத்துல ரிசப்ஷனுக்கு ஒரு கார்டு முகூர்த்தத்துக்கு ஒரு கார்டுன்னு இயற்கையாவே பிரிஞ்சிடுது, ஒன்னு போனாலும் இன்னொன்னு தங்கும். ரொம்ப குட்டியா எட்டு பத்து கார்டு வச்சிக்கிறதும் வேண்டாம், அது தொலையும்.

ரெண்டு ஸ்லாட் இருக்குற கேமரா வச்சிருக்கீங்கன்னா மேல சொன்னதை விட இதுதான் முக்கியம். மெனுவுல போய் ரெண்டாவது கார்டு பேக்கப்னு வைங்க, ஒரே படம் ரெண்டு கார்டுலயும் எழுதும். நெறைய பேர் ஒன்னு நிரம்புனா அடுத்ததுன்னு விட்டு வச்சிருக்காங்க, ரெண்டு ஸ்லாட்டுக்குன்னு காசு குடுத்துட்டு அதோட பலனையே எடுத்துக்காம இருக்காங்க. இதுல ஒரு சின்ன பிடி இருக்கு, ரெண்டுலயும் எழுதும்போது மெதுவான கார்டு எதுவோ அந்த வேகத்துலதான் மொத்தமும் நகரும். சோனி ஏ7 3-ல முதல் ஸ்லாட் யூஎச்எஸ் 2, ரெண்டாவது யூஎச்எஸ் 1 தான், அதனால பேக்கப் வைக்கிறவங்க முதல் ஸ்லாட்டுக்கு மட்டும் விலை கூடின கார்டு வாங்கிப் போட்டு பஃபர் சீக்கிரம் காலியாகும்னு எதிர்பார்க்க வேண்டாம். வீடியோவுக்கும் பேக்கப் எழுதுதான்னு தனியா டெஸ்ட் பண்ணிப் பாருங்க, சில கேமராவுல போட்டோவுக்கு மட்டும்தான் எழுதும்.

நிக்கான் இசட்8, கேனான் ஆர்5 மாதிரி கேமராக்காரங்களுக்கு சிஎஃப்எக்ஸ்பிரஸ்னு வேற வகை கார்டு இருக்கு, அதுல டைப் பி, சோனிக்காரங்களுக்கு டைப் ஏ. ரெண்டும் சைஸ் வேற, ஒன்னுக்கொன்னு போகாது. எஸ்டிய விட கெட்டியான கார்டுங்க, விலையும் கெட்டி, சும்மா போட்டோ எடுக்க அதே கேமராவோட எஸ்டி ஸ்லாட்டே பல பேருக்குப் போதும்.

பிராண்டு விஷயத்துல சண்டை நெறைய நடக்கும். உள்ள இருக்குற ஃபிளாஷ் சிப்ப செய்யுற கம்பெனிங்க உலகத்துல விரல் விட்டு எண்ணுற அளவுதான், சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், பழைய தோஷிபாவான கியோக்ஸியா, சான்டிஸ்க், சீனாவுல ஒய்எம்டிசி, பெருசுன்னா இவ்ளோதான். மத்தவங்க இவங்ககிட்ட வாங்கி அடைச்சு ஸ்டிக்கர் ஒட்டுறவங்க, அதுல தப்பு ஒன்னும் இல்ல, கிங்ஸ்டன், டிரான்சென்ட் எல்லாம் அப்படித்தான் வருஷக்கணக்கா நல்ல பொருள் குடுக்குறாங்க. ஆனா பேர மட்டும் வச்சு சத்தியம் பண்ணாதீங்க, பேரு அப்படியே இருக்க பின்னாடி இருக்குற ஆள் மாறுவான். லெக்சர் முன்னாடி மைக்ரான்கிட்ட இருந்தது, 2017-ல மைக்ரான் அத நிறுத்துறோம்னு சொன்ன அதே வருஷம் சீனாவோட லாங்சிஸ் பேர வாங்கிடுச்சு. சான்டிஸ்க்க 2016-ல வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கி 2025-ல மறுபடி தனியா பிரிச்சு விட்டுடுச்சு. அதோட ஒரே மாடல் பேருக்குள்ள சத்தமில்லாம சிப்ப மாத்துறதும் இந்தத் தொழில்ல சகஜம், அஞ்சு வருஷம் முன்னாடி ஒருத்தர் ஆஹா ஓஹோன்னு சொன்ன கார்டும் இப்ப நீங்க வாங்குறதும் உள்ள ஒன்னா இருக்கணும்னு இல்ல. சில மாடல்ல 32, 64 ஜிபிக்கு எழுதுற வேகம் கம்மியாவும் 128-க்கு மேல அதிகமாவும் இருக்கும், அதையும் பார்த்துக்கோங்க.

நான் என்ன வாங்கச் சொல்லுவேன்னா, சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் இல்ல எக்ஸ்ட்ரீம் ப்ரோ, சாம்சங் ப்ரோ பிளஸ், கிங்ஸ்டன் கேன்வாஸ் வரிசையில வி30 இருக்குறது, இதுல எது நம்பகமான கடையில கிடைக்குதோ அது. சான்டிஸ்க் அல்ட்ரா மாதிரி கீழ் வரிசை கார்டு போட்டோவுக்கு ஓடும், 4கே-வுக்கு வேண்டாம். கார்டு அடிக்கடி மாத்துறவங்க, கார்டோட சைடு பிளாஸ்டிக் அடிக்கடி உடைஞ்சு போற ஆளுங்க, சோனி டஃப் பார்க்கலாம், அதுல அந்த லாக் சுவிட்சே கிடையாது, பின்களுக்கு நடுவுல இருக்குற குட்டி பிளாஸ்டிக் தடுப்பும் கிடையாது, உடையறதுக்கு இருக்குற ரெண்டு சமாச்சாரத்தையும் எடுத்துட்டான். மைக்ரோ எஸ்டிய அடாப்டர்ல போட்டு கேமராவுல ஓட்டுறத மட்டும் முடிஞ்ச வரைக்கும் தவிருங்க. ஒரு தொடர்புக்கு ரெண்டு தொடர்பாகுது, ஆடுனா நடுவுல எழுதுறது அந்துடும். டிரோனுக்கும் கோப்ரோவுக்கும் அதுதான் வேணும்னா வேற வழியில்ல, அது அப்படியே நேரா உள்ள போறது.

இப்ப மெயின் மேட்டர், டூப்ளிகேட். நம்பகமான கார்டுங்கிற பேச்சே இங்கதான் ஆரம்பிக்குது, ஏன்னா கார்டு பிரச்சனைன்னு வர்றதுல அசல் கார்டு கெட்டுப்போனத விட ஆரம்பத்துலயே கார்டா இல்லாததுதான் ரொம்ப கடுப்பு. ஒரு லிட்டர் பாட்டில்ல அஞ்சு லிட்டர்னு லேபிள் ஒட்டுற வேலை அது. உள்ள இருக்குறது 16 ஜிபி சிப்பு, ஆனா கார்ட நடத்துற கன்ட்ரோலர மாத்தி எழுதி வச்சிருப்பான், கேமரா கேட்டாலும் கம்ப்யூட்டர் கேட்டாலும் "நான் 128"ன்னு பதில் சொல்லும். முதல் 16 ஜிபி வரைக்கும் எல்லாம் சுத்தமா இருக்கும், அதனால வாங்குன அன்னைக்கு நாலு படம் எடுத்துப் பார்த்து சூப்பர்னு வச்சிடுவோம். அதுக்கு மேல எழுதறது எங்கயும் போகாது, இல்லன்னா பழசு மேலயே எழுதும். ஃபைல் பேரு இருக்கும், சைஸ் காட்டும், திறந்தா பாதி சாம்பல் கலர், இல்ல திறக்கவே திறக்காது. இது தெரியவர்றது பெரிய ஃபங்ஷன் அன்னைக்குத்தான், ஏன்னா அன்னைக்குத்தான் கார்டு நிரம்புற அளவுக்கு எடுப்போம்.

இன்னொரு வகை, சைஸ் சரியா இருக்கும் ஆனா மட்டமான சிப்பப் போட்டு நல்ல பிராண்டு ஸ்டிக்கர ஒட்டியிருப்பான், வி30ன்னு போட்டிருக்கும் 10 எம்பி கூட வராது, வீடியோ எடுக்கும்போது தானா நின்னுடும்.

எத வச்சு கண்டுபிடிக்கிறதுன்னா, விலையில பாதி பேர் மாட்டிடுவாங்க. 1 டிபி கார்டு சில நூறு ரூபாய்க்குன்னு பார்த்தா யோசிக்கவே வேண்டாம், பக்கத்த மூடிடுங்க. நல்ல பிராண்டுலயே மத்த எல்லா இடத்தையும் விட முப்பது நாப்பது பர்சென்ட் கம்மின்னாலும் எனக்கு உறுத்தும். எழுத்து மங்கலா இருக்கா, ஸ்பெல்லிங் தப்பா, கார்டு பின்னாடி சீரியல் நம்பர் பொறிச்சிருக்கான்னு எல்லாம் பார்க்கச் சொல்வாங்க, பாருங்க, ஆனா அதுல திருப்திப்பட்டுடாதீங்க, இப்ப பாக்கெட்ட அச்சு அசலா அடிக்கிறான். நம்ம நாட்டுல இறக்குமதி பண்ண பாக்கெட்னா இறக்குமதி பண்ணவங்க பேரு, விலாசம், எம்ஆர்பி, மாசம் வருஷம் எல்லாம் போட்ட லேபிள் சட்டப்படி இருக்கணும். அது இல்லன்னா டூப்ளிகேட்டுன்னே முடிவு பண்ண வேண்டாம், வெளிநாட்டுல இருந்து பையில கொண்டு வந்ததா இருக்கலாம், ஆனா வாரன்டிக்குப் போய் நின்னா கைய விரிப்பாங்க.

சென்னைக்காரங்க ரிச்சி ஸ்ட்ரீட் போவாங்க, அங்க முறையா ஜிஎஸ்டி பில் போட்டுக் குடுக்குற டீலர் கடைகள் இருக்கு, "பில் வேணும்னா ஒரு ரேட்டு பில் இல்லாம ஒரு ரேட்டு"ன்னு பேச்சு வந்தா மட்டும் அங்க இருந்து நடையக் கட்டுங்க, அது எந்த ஊர் கடையா இருந்தாலும் சரி. ஆன்லைன்ல வாங்குறவங்க பொருளோட ரேட்டிங்க பார்க்குறாங்க, விக்கிறவன் யாருன்னு பார்க்குறதில்ல. ஒரே பக்கத்துல பத்து செல்லர் இருப்பான், ரேட்டிங் கார்டுக்கு வந்தது, செல்லருக்கு வந்தது இல்ல. கம்பெனியோட சொந்த ஸ்டோரா, அவங்க சைட்ல அங்கீகரிச்ச செல்லரான்னு பார்த்து அழுத்துங்க. ஆஃபர் நாள்ல விலை குறைஞ்ச உடனே செல்லர் பேரும் மாறியிருக்கும், கவனிங்க.

எங்க வாங்குனாலும், யார் குடுத்தாலும், மாமா துபாய்ல இருந்து கொண்டு வந்ததா இருந்தாலும் டெஸ்ட் பண்ணாம முதல் வேலைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. ரிட்டர்ன் குடுக்குற நாளுக்குள்ள செஞ்சு முடிச்சிடுங்க, அதான் விஷயமே. விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஒரு ஜெர்மன் கம்ப்யூட்டர் பத்திரிகைக்காரங்க வெளியிட்டது, ரொம்பப் பழசு, திறந்தா ஜெர்மன்ல நிக்கும், மேலயே இங்கிலீஷ்னு இருக்கும் அதத் தட்டிக்கோங்க. காலி கார்டப் போட்டு டிரைவ காட்டி எழுதிச் சரிபார்னு குடுத்தா கார்டு மொத்தமும் நிரம்புற வரைக்கும் 1 ஜிபி ஃபைலா எழுதி, அப்புறம் எல்லாத்தையும் திரும்பப் படிச்சு எழுதினதுதான் இருக்கான்னு பார்க்கும். எர்ரர் இல்லாம முடிஞ்சதுன்னு வந்தா சைஸ் உண்மை. சராசரி எழுதுற வேகம் படிக்கிற வேகம் ரெண்டையும் அங்கயே காட்டிடும், வி30 கார்டு நல்ல ரீடர்ல 30-க்கு கீழ வந்தா திருப்பிக் குடுங்க. மேக், லினக்ஸ்காரங்களுக்கு எஃப்3ன்னு ஒன்னு, அதே வேலைதான், கமாண்ட் டைப் பண்ணணும்.

நேரம் எடுக்கும், அதுக்கு மனசத் தயார் பண்ணிக்கோங்க. 128 ஜிபி கார்டு 60 எம்பி வேகத்துல எழுதுனா 36 நிமிஷம் கிட்ட, படிக்கிறதுக்கு இன்னொரு அரை மணி நேரம். பழைய யூஎஸ்பி 2 ரீடர்ல போட்டா வேகம் 30 சொச்சம் தாண்டாது, ரெண்டு மணி நேரத்துக்கு மேல இழுக்கும், வேகமும் தப்பா காட்டும், கார்டு பாவம். கம்ப்யூட்டரே இல்லையா, கார்ட கேமராவுல போட்டு சார்ஜர மாட்டி சுவரப் பார்த்து வச்சு நிரம்புற வரைக்கும் வீடியோ ஓட்டுங்க. அப்புறம் முதல் கிளிப்பு, நடு கிளிப்பு, கடைசி கிளிப்பு எல்லாத்தையும் ஓட்டிப் பாருங்க. முதல் கிளிப்ப பார்க்கச் சொல்றது எதுக்குன்னா சில டூப்ளிகேட்டுங்க பழசு மேல திரும்ப எழுதும், கடைசி நல்லா இருக்கும் முதல் போயிருக்கும். டெஸ்ட் முடிஞ்சா கேமராவுலயே ஒரு ஃபார்மட்.

பில்ல போட்டோ எடுத்து வச்சிக்கோங்க, நல்ல வரிசை கார்டுக்கு லைஃப்டைம் வாரன்டி, பத்து வருஷ வாரன்டி எல்லாம் இருக்கு. ஆனா அது கார்டுக்கு, புது கார்டு ஒன்னு குடுப்பாங்க, உள்ள இருந்த படத்துக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பு எடுத்துக்காது.

ரீடருக்கும் கொஞ்சம் காசு போடுங்க. ரோட்டோரம் நூறு ரூபா ரீடர்ல லூஸ் கனெக்‌ஷன்ல காப்பி பாதியில அந்து, நல்ல கார்டுக்கு கெட்ட பேரு வர்றது நெறைய நடக்குது.

ஓட்டுறதுல பெரிய ரகசியம் ஒன்னும் இல்ல. ரெண்டு இடத்துல காப்பி ஆன பிறகு எந்தக் கேமராவுல போடப்போறீங்களோ அந்தக் கேமராவுலயே ஃபார்மட் பண்ணுங்க. கம்ப்யூட்டர்ல வச்சு ஒவ்வொன்னா டெலீட் பண்றது, கேனான்ல இருந்து எடுத்து அப்படியே சோனியில சொருகுறது இதெல்லாம் வேண்டாம். சிவப்பு லைட் மினுக்கிட்டு இருக்கும்போது கதவ திறக்காதீங்க, பேட்டரி ஒரு கட்டைக்கு வந்துட்டா வீடியோ தொடர்ந்து ஓட்டாதீங்க, ஃபைல மூடுறதுக்குள்ள கரண்ட் போனா அந்த கிளிப்பு கோவிந்தா. ஏர்போர்ட் எக்ஸ்ரேல கார்டு அழிஞ்சிடும்னு ஒரு பயம் சுத்துது, அது ஃபிலிம் காலத்துப் பயம், கார்டுக்கு ஒன்னும் ஆகாது. சைடுல இருக்குற லாக் சுவிட்ச் தளர்ந்து போய் தானா லாக் ஆயிட்டே இருந்தா அது கார்டுக்குள்ள எதையும் மாத்துறது இல்ல, அந்தக் கட்டை எங்க நிக்குதுன்னு ஸ்லாட்தான் பார்க்குது, அவசரத்துக்கு அந்த இடத்துல மெல்லிசா ஒரு செல்லோடேப் ஒட்டி அன்னைய வேலைய முடிச்சிட்டு கார்ட மாத்திடுங்க. பிளாஸ்டிக் பிரிஞ்சிருக்கு, பின் தேஞ்சிருக்கு, ஒரே ஒரு தடவ கார்டு எர்ரர் வந்துச்சு, ஒரு படம் பாதி சாம்பலா வந்துச்சு, இதுல எதுவா இருந்தாலும் அந்தக் கார்டுக்கு கேமராவுல வேலை முடிஞ்சது. ஃபார்மட் பண்ணா சரியாயிடுச்சேன்னு திரும்ப எடுத்துட்டுப் போறவங்க இருக்காங்க, எனக்கு அந்த தைரியம் கிடையாது, உடைச்சுப் போட்டுடுவேன், இல்லன்னா யாராவது எடுத்து மறுபடி பையில வச்சிடுவாங்க.

ஃபங்ஷன் நடுவுலயே எர்ரர் வந்துட்டா என்ன பண்றது? கேமராவ ஆஃப் பண்ணிட்டு பேட்டரிய எடுத்துப் போட்டு ஒரே ஒரு தடவ ஆன் பண்ணிப் பாருங்க. சோனியில இமேஜ் டேட்டாபேஸ் ரிப்பேர் பண்ணவான்னு கேட்டா ஓகே குடுக்கலாம், அது கேமரா தனக்குன்னு வச்சிருக்குற அட்டவணைய சரி பண்றது, படத்த தொடாது. ஆனா ஃபார்மட் பண்ணவான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லி கார்ட வெளிய எடுத்து தனி கவர்ல போட்டு பேனாவால ஒரு குறி போட்டு வச்சிட்டு அடுத்த கார்டுக்குப் போயிடுங்க. வீட்டுக்கு வந்து போட்டோரெக், ரெக்குவா மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல போட்டுப் பாருங்க. தெரியாம ஃபார்மட் ஆகியிருந்தாலும் மேல எதுவும் எழுதாம இருந்தா பெரும்பாலும் திரும்ப வரும், அதனாலதான் அடுத்த ஒரு படம் கூட அதுல எடுக்காதீங்கன்னு சொல்றது. மீட்டெடுத்த ஃபைல அதே கார்டுல சேவ் பண்ணிடாதீங்க, கம்ப்யூட்டர்ல வேற டிரைவ்ல போடுங்க. கம்ப்யூட்டர் கார்டையே காட்டலன்னா சாஃப்ட்வேர் வேலைக்கு ஆகாது, இப்ப வர்ற கார்டுங்கள்ல பலதுல சிப்பும் கன்ட்ரோலரும் ஒரே கட்டியா இருக்கு, அத சுரண்டி ஒயர் வச்சு எடுக்குற ரெக்கவரி லேப்காரங்ககிட்டதான் போகணும், கார்டு விலையோட பல மடங்கு கேப்பாங்க. குடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேட்டுக்கோங்க, டேட்டா வரலன்னா காசு எவ்வளவு, வந்த ஃபைல் லிஸ்ட்ட காட்டிட்டு காசு வாங்குவீங்களா இல்ல முன்னாடியேவான்னு.